கற்பூரச் சத்தியமும் என் ரிப்போர்ட்டும்

நான்கு வருடங்களுக்கு முன்னால், ஆடிக் கிருத்திகைக்கு இரண்டு நாள் இருக்கும்போது, திருப்பதியில் நான் வேலை பார்க்கும் பரிசோதனை நிலையத்தில் இது ஆரம்பித்தது. ரத்தம், சிறுநீர், சளி என்று எதைக் கொண்டுவந்தாலும் பார்த்துச் சொல்லும் சின்ன லேப்தான். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில், மாடியில் இரண்டு அறை. நான் அங்கே டெக்னீஷியன். பிறந்தது நகரி பக்கம், வாழ்க்கைப்பட்டது வடமாலபேட்டையில். தினமும் காலையில் பஸ் பிடித்துப் போய், சாயந்திரம் பஸ் பிடித்து வீடு திரும்புகிறவள்.

குழந்தை இல்லை என்று வருகிற ஆண்களின் விந்துப் பரிசோதனையும் என் மேசைக்குத்தான் வரும். முதலில் எனக்கும் கூச்சமாகத்தான் இருந்தது, அப்புறம் பழகிவிட்டது. வருகிற ஆண்களுக்குத்தான் பழகுவதே இல்லை. டப்பாவைக் கர்சீப்பில் சுற்றிக் கொண்டுவந்து மேசை ஓரத்தில் வைத்துவிட்டு, சுவரில் தொங்கும் காலண்டரைப் பார்த்துக்கொண்டே பெயரைச் சொல்வார்கள். நானும் நிமிர்ந்து பார்க்கமாட்டேன். என்னால் கொடுக்க முடிந்த மரியாதை அது.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. வாய்தான். ரிப்போர்ட்டில் இருப்பதை டாக்டர்தான் விளக்க வேண்டும், நாங்கள் விளக்கக் கூடாது. அப்படி எழுதி ஒட்டியே வைத்திருக்கிறார்கள். ஆனால் நகரி, புத்தூர், சத்தியவேடு பக்கத்துத் தமிழ் ஜனங்களுக்கு நான் போனில் தமிழில் பேசுவது காதில் விழுந்தால் போதும், முகம் மலர்ந்துவிடும். அவர்களுக்குத் தெலுங்கு தெரியாமல் இல்லை. மண்டல ஆபீசில் என்னைவிட நன்றாகவே பேசுவார்கள். இந்த மாதிரி விஷயத்தைக் கேட்க மட்டும் சொந்த பாஷை வேண்டியிருக்கிறது. "அக்கா, இதுல இன்னா எழுதிக்கீது?" என்று காகிதத்தை நீட்டுவார்கள். நானும் பெரிய டாக்டர் மாதிரி விளக்குவேன். அதில் எனக்கு ஒரு பெருமை, மறைப்பானேன்.

அன்றைக்கு நகரியிலிருந்து ஒரு தம்பதி வந்திருந்தார்கள். அவர் விசைத்தறி ஓட்டுகிறவர். அந்தப் பெண் அதே தறி ஷெட்டில் தார் சுற்றுகிறாள், அதாவது தறி நாடாவுக்குப் போகும் நூலைச் சின்னக் குழல்களில் சுற்றிக் கொடுக்கிற வேலை. கல்யாணமாகி ஆறு வருடம். அவளுக்கு எல்லாப் பரிசோதனையும் முடிந்து, ஒன்றும் குறையில்லை என்றான பிறகு, டாக்டர் அவரை அனுப்பியிருந்தார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் அந்தப் பெண் திருத்தணிக்குக் காவடி எடுக்கப் போவதைப் பற்றியே பேசினாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

இங்கே என் வேலையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். விந்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், நீந்துகிற உயிரணுக்களுக்கு நடுவே உருண்டையாகவும் சில செல்கள் தெரியும். அவற்றில் இரண்டு வகை. ஒன்று, நம் உடம்பின் காவல் படையான வெள்ளை அணுக்கள். கிருமி எங்கே வந்தாலும் ஓடி வருகிறவை. இவற்றைத்தான் ரிப்போர்ட்டில் 'பஸ் செல்ஸ்', சீழ் செல்கள் என்று எழுதுவோம். கொஞ்சம் இருந்தால் பாதகமில்லை, எல்லா ஆண்களுக்கும் இருக்கும். அளவுக்கு மீறினால்தான் தொந்தரவு. கிருமியைக் கொல்ல அவை கக்குகிற காரம் உயிரணுக்களையும் சேர்த்துச் சுட்டுவிடும், பிள்ளை உண்டாவது தள்ளிப்போகும். இன்னொரு வகை, முழுசாக வளர்வதற்கு முன்பே பாதியில் உதிர்ந்து வந்துவிட்ட இளம் செல்கள். அவசரமாகப் பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே இருக்கும். ஒரு சாயம் போட்டால் வெள்ளை அணு பழுப்பாக மாறும், மற்றது மாறாது.

அந்தச் சாயம் எங்கள் அலமாரியில் இருந்தது. அதைக் கலந்து போட்டுப் பார்க்க அரை மணி நேரம் பிடிக்கும். கிருத்திகைக்குக் காவடி எடுக்கிறோம் என்று எங்கள் லேபில் இரண்டு பேர் லீவு போட்டிருந்தார்கள். மேசை நிறைய டப்பாக்கள். உருண்டையாகத் தெரிந்ததையெல்லாம் எண்ணி, பஸ் செல்ஸ் என்ற கட்டத்தில் பதினெட்டு முதல் இருபது என்று எழுதிவிட்டேன். அன்றைக்கு மட்டும் செய்த தப்பு என்று சொன்னால் அது பொய். அவசரமான நாளெல்லாம் அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் ரிப்போர்ட் வாங்க அந்தப் பெண் மட்டும் வந்தாள். கவரைப் பிரித்துப் பார்த்துவிட்டு, வழக்கம்போல என்னிடம் நீட்டினாள். எண்ணிக்கை கொஞ்சம் குறைவு, சீழ் செல்கள் இருக்கின்றன, இன்பெக்ஷன், மாத்திரை கொடுப்பார்கள், பயப்படாதே என்றேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

"சீழா? அது எதுனாலக்கா வரும்?"

"பல காரணம் இருக்குதும்மா. நீர்க்கடுப்பு வந்தா வரும், ஜுரம் வந்தா வரும். ஆம்பளைங்க வேற எங்கியாவது போய் வந்தா கூட வரும்."

பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொல்லிவிட்டு அடுத்த டப்பாவை எடுத்தேன். அவள் காகிதத்தை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியோடு அன்றைக்கு நான் பஸ் ஏறினேன்.

ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து அவர் மட்டும் வந்தார். டாக்டர் கொடுத்த மாத்திரைகளை முழுசாகச் சாப்பிட்டுவிட்டு மறுபடி பரிசோதனைக்கு வந்திருந்தார். ஆள் இளைத்துப் போயிருந்தார். டப்பாவை வைக்கும்போது அவருடைய வலது உள்ளங்கையில் ஒரு தழும்பைப் பார்த்தேன். தறியில் அடிபட்டதா என்று சும்மா கேட்டேன்.

"இல்ல மேடம். கற்பூரம் அணைச்சேன்."

காலண்டரைப் பார்த்தபடியே மெல்ல மெல்ல அவர் சொன்னதை நான் சுருக்கிச் சொல்கிறேன். கல்யாணமான புதிதில் வேலை இல்லாமல், ஒரு வருடம் தனியாகத் திருப்பூரில் போய் இருந்தாராம். என் ரிப்போர்ட்டைப் பார்த்ததும் அந்தப் பெண்ணுக்கு அந்த ஒரு வருடம் ஞாபகம் வந்துவிட்டது. அங்கே யாரிடம் போய் வந்தாய், அந்தச் சீக்கினால்தான் நமக்குப் பிள்ளை இல்லை, ஆறு வருடம் என்னை மலடி என்று ஊர் சொல்ல விட்டாயே என்று கேட்டிருக்கிறாள். பெரியவர்கள் கூடி, அம்மன் கோயிலில் கற்பூரம் ஏற்றிச் சத்தியம் செய்யச் சொன்னார்கள். எங்கள் பக்கத்தில் எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்துவிட்டால் அதற்குமேல் யாரும் பேசமாட்டார்கள். அவரும் அணைத்தார்.

"அப்பவும் நம்பல மேடம். காகிதத்துல எழுதிக்கீதேன்னா. அவங்க நைனா வந்து பிச்சாட்டூருக்கு இட்டுக்கினு பூட்டாரு. இந்த தபா அது இருக்காது இல்ல?"

"பார்க்கிறேன், வெளியில் உட்காருங்கள்" என்று மட்டும் சொன்னேன்.

மைக்ராஸ்கோப்பில் கண் வைத்தேன். உருண்டைச் செல்கள் போன தடவை இருந்த அதே அளவில் இருந்தன. மாத்திரை சாப்பிட்டும் குறையாத சீழா? அப்போதுதான் அலமாரியைத் திறந்து சாயத்தை எடுத்தேன். எடுக்கும்போதே எனக்குப் பாதி தெரிந்துவிட்டது. அரை மணி கழித்துப் பார்த்தால், பழுப்பாக மாறியது ஒன்றோ இரண்டோதான். மிச்சமெல்லாம் மாறவே இல்லை. எல்லாம் இளம் செல்கள். அந்த மனிதருக்குச் சீழும் இல்லை, சீக்கும் இல்லை. ஒரு நல்ல மனிதனைக் கெட்டவனாக்கி வைத்திருந்தது நான்.

என் புத்தி முதலில் எங்கே போனது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். புது ரிப்போர்ட்டில் பஸ் செல்ஸ் ஒன்று முதல் இரண்டு என்று எழுதிக் கொடுத்துவிடலாம். மாத்திரையால் குணமாகிவிட்டது என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். டாக்டர் சந்தோஷப்படுவார், என் தப்பு யாருக்கும் தெரியாது. பேனாவைக் கூட எடுத்துவிட்டேன். அப்போதுதான் உறைத்தது. குணமாகிவிட்டது என்று எழுதினால், சீக்கு இருந்தது உண்மை என்று ஆகிவிடும். அவள் மனசில் இப்போது இருக்கிற சந்தேகம், இந்த நல்ல ரிப்போர்ட்டைப் பார்த்ததும் நிச்சயமாகிவிடும். அவர் இன்னொரு கையிலும் கற்பூரம் அணைத்தாலும் அதை மாற்ற முடியாது. பழைய ரிப்போர்ட்டே தப்பு என்று நான் சொன்னாலொழிய அவருக்கு விடிவு கிடையாது.

எங்கள் ஓனர் வயதான டாக்டர், தெலுங்குக்காரர், கோபமே வராத மனிதர். அவரிடம் போய்ச் சொன்னேன். சாயம் போடாமல் எழுதியதையும் சொன்னேன், அந்தப் பெண்ணிடம் வாய்விட்டதையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கொத்த ரிப்போர்ட் இச்செய்யம்மா. பாததி எவரு அடுகுதாரு?" என்றார். புதுசைக் கொடுத்துவிடு, பழையதை யார் கேட்கப் போகிறார்கள் என்று அர்த்தம்.

அந்தப் பெண் கேட்பாள் சார் என்றேன். குணமானது என்றால் என்ன ஆகும் என்பதையும் விளக்கினேன். பழைய ரிப்போர்ட்டின் நகலை எடுத்து வரச் சொன்னார். பிறகு, முதல் ரிப்போர்ட்டில் சீழ் செல்கள் என்று குறித்தது பிழை, அவை இளம் செல்கள் என்று தன் கையாலேயே எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். இனி சாயம் போடாமல் அந்தக் கட்டத்தில் எண் எழுதினால் வேலைக்கு வராதே என்றும் சொன்னார். அதையும் கோபமில்லாமல்தான் சொன்னார்.

வெளியே பெஞ்சில் இருந்தவரிடம் போய் உட்கார்ந்தேன். எத்தனையோ பேருக்கு எத்தனையோ கெட்ட சேதியைக் கையில் கொடுத்திருக்கிறேன். இந்த நல்ல சேதியைத்தான் திக்கித் திணறிச் சொல்லி, ஓனர் எழுதிய காகிதத்தைக் கொடுத்தேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், அடித்தால்கூட வாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தது. அவர் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"இத்த நீயே அவகிட்ட வந்து சொல்வியா மேடம்? நான் சொன்னா நம்ப மாட்டா."

ஞாயிற்றுக்கிழமை புத்தூர் போய், அங்கிருந்து பிச்சாட்டூருக்கு வேறு பஸ் பிடித்துப் போனேன். ஏரித் தண்ணீர் பாயும் நிலத்தை ஒட்டிய வீடு. வாசலில் விதைக்கு வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முறத்தை நகர்த்திவிட்டு எழுந்தாள். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். தப்பு என்னுடையது, உன் வீட்டுக்காரர் மேல் ஒன்றும் இல்லை என்று ஓனர் எழுதிய காகிதத்தை நீட்டினேன். அவள் கை நீட்டவில்லை. பக்கத்தில் கட்டிலில் இருந்த அவள் அப்பாதான் வாங்கிப் பார்த்தார்.

"ஒரு தபா ஒரு மாதிரி எழுதுறீங்க, இன்னொரு தபா வேற மாதிரி எழுதுறீங்க. எத்தம்மா நம்பறது? அவன் எதுனா குடுத்து மாத்தி எழுதிக்கினு வர சொன்னானா?"

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. என் காகிதத்துக்கு இருந்த மதிப்பை நானே போக்கடித்துக்கொண்டேன். அந்தப் பெண்ணைப் பார்த்துச் சொன்னேன். "காகிதத்தை நம்பாதம்மா. நாளைக்கு வா. உன் கண்ணால பாத்துட்டுப் போ."

வருவாள் என்ற நம்பிக்கை இல்லாமல்தான் மறுநாள் வேலைக்குப் போனேன். முற்பகலில் அப்பாவும் பெண்ணும் படியேறி வந்தார்கள். கணவரிடம் போனில் அனுமதி கேட்டிருந்தேன், காட்டுங்கள் என்று சொல்லியிருந்தார். அவரும் வந்து படிக்குக் கீழே ஒரு டீக்கடை ஓரமாக நின்றுகொண்டிருந்தார். மேலே வரவில்லை.

முதலில் அவள் எதிரிலேயே என் விரலைக் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவிக் காயவைத்து அந்தச் சாயத்தைப் போட்டேன். மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்க்கச் சொன்னேன்.

"ஒண்ணியும் தெரியலக்கா. என் கண்ணு முடிதான் தெரியுது."

எல்லோருக்கும் முதலில் அப்படித்தான். கண்ணைக் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொன்னேன். சட்டென்று பிடித்துவிட்டாள். நாள் முழுக்க ஓடுகிற நூலில் முடிச்சும் பிசிறும் தேடுகிற கண் ஆயிற்றே.

"பழுப்பா ரெண்டு மூணு கீது."

அவைதான் வெள்ளை அணுக்கள், உடம்புக்குக் காவல், சீழ் என்று நான் சொன்னது இவற்றைத்தான் என்றேன்.

"இது உன் ரத்தம் இல்ல? அப்போ உனுக்கும் கீதா?"

"எனக்கும் இருக்குது, உனக்கும் இருக்குது, உங்க நைனாவுக்கும் இருக்குது. இது இல்லன்னா ஒரு சின்னக் காயம் ஆறாது."

பிறகு, சாயம் போட்டு எடுத்து வைத்திருந்த அவள் கணவருடைய தகட்டை வைத்தேன். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவளே பார்த்தாள். தகட்டை நகர்த்தச் சொல்லி, நகர்த்தச் சொல்லிப் பார்த்தாள். உதடு மட்டும் அசைந்தது, எண்ணினாள்.

"ஒண்ணுதான் பழுப்பு. மத்ததெல்லாம் வேற." மறுபடி எண்ணினாள். "வேறதான்."

அந்த வேறு எல்லாம் பாதியில் உதிர்ந்தவை, சீழ் அல்ல, எங்கேயும் போய் வாங்கி வந்ததும் அல்ல என்றேன். அதற்குக் காரணம் என்ன என்று கேட்டாள். டாக்டர்தான் சொல்ல வேண்டும் என்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த வாக்கியத்தைச் சரியான நேரத்தில் சொன்னேன்.

அவள் மைக்ராஸ்கோப்பிலிருந்து முகத்தை எடுக்க வெகு நேரம் ஆயிற்று. எடுத்தபோது கண் சிவந்திருந்தது. கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"கையில கொப்புளம் போட்டுக்கினு நின்னாருக்கா. அவர நம்பல நானு. உன்ன நம்பினேன்."

அவ்வளவுதான் சொன்னாள். அப்பாவைப் பார்த்து, "நைனா, நீ ஊருக்குப் போ" என்றாள். படியிறங்கிப் போனாள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். டீக்கடை ஓரத்தில் நின்றவர் எதிரில் போய் நின்றாள். அவருடைய வலது கையைப் பிடித்து விரித்துப் பார்த்தாள். அப்புறம் அந்தக் கையை விடாமலேயே பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தாள். நட்ட நடுப் பகலில், அத்தனை கூட்டத்தில். நான் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

திருத்திய ரிப்போர்ட்டைப் பார்த்த பிறகு, அவர்களுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் அவரை மறுபடி பரிசோதித்து, விதைப்பையில் ரத்தக் குழாய்கள் சுருண்டு வீங்கியிருப்பதைக் கண்டுபிடித்தார். சின்ன ஆபரேஷன் ஒன்று நடந்தது. இல்லாத சீழுக்கு மாத்திரை தின்று ஒரு மாதம் வீணானது என் கணக்கில்தான் சேரும். அடுத்த ஆடியில் மறுபரிசோதனைக்கு இரண்டு பேரும் ஒரே வண்டியில் வந்தார்கள். எண்ணிக்கை ஏறியிருந்தது, இளம் செல்கள் குறைந்திருந்தன. சாயம் போட்டுப் பார்த்துத்தான் எழுதினேன். கவரைக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் என்னை ஓரக்கண்ணால் பார்த்தாள்.

"இன்னாக்கா, இந்த தபா ஒண்ணியும் சொல்ல மாட்டியா?"

"டாக்டர் சொல்வாரும்மா" என்றேன். அவர் காலண்டரைப் பார்த்துச் சிரித்தார்.

அவர்களுக்குக் குழந்தை பிறந்ததா என்று கேட்பீர்கள். எனக்குத் தெரியாது. டாக்டரை மாற்றிக்கொண்டு சென்னைப் பக்கம் போவதாகக் கேள்விப்பட்டேன், அதற்கப்புறம் எங்கள் லேபுக்கு வரவில்லை. பிறந்திருக்க வேண்டும் என்று ஒவ்வொரு கிருத்திகைக்கும் வேண்டிக்கொள்கிறேன். தினமும் டப்பாக்கள் வருகின்றன, அந்தக் கட்டத்தில் எண் எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் எழுதுவதற்கு முன் ஒரு கணம் கை நின்றுவிடுகிறது. கட்டின புருஷன் நெருப்பை அணைத்துச் செய்த சத்தியத்தைவிட, முன்பின் தெரியாத நான் அவசரத்தில் எழுதிய ஒரு எண்ணை ஒருத்தி பெரிதாக நம்பினாள். அந்த நம்பிக்கை தந்த பயம் இன்றும் என் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, அது விடாமலே இருக்கட்டும்.